கனமான அணுக்கருக்கள் எப்படி இணைகின்றன? கோட்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு கனமான அணுக்கருக்களை மோதவிட்டால் அவை ஒன்றாகுமா, ஆகும் என்றால் எத்தனை மோதலுக்கு ஒருமுறை ஆகும் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் இந்தத் துறை. பள்ளி இயற்பியல் நினைவிருப்பவர்கள் தொடரும்படி எழுத முயன்றிருக்கிறேன். ஆற்றலை மெகா எலக்ட்ரான்வோல்ட்டில் (இனி மெ.எ.வோ.) சொல்கிறேன், தொலைவை ஃபெம்டோமீட்டரில் சொல்கிறேன். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோமீட்டர்.

சூரியனில் நடப்பதும் இதுவும் ஒன்றுதானா?

பெயர் ஒன்று, வரவு செலவு வேறு. ஹைட்ரஜன் இணைந்து ஹீலியம் ஆகும்போது ஆற்றல் வெளிவருகிறது. இரும்பு, நிக்கல் பக்கம் வரும்வரைதான் அந்த வரவு. மிகக் கனமான அணுக்கருக்களை உண்டாக்க வேண்டுமானால் நாம்தான் ஆற்றலைக் கொடுக்க வேண்டும். கால்சியம்-48, கியூரியம்-248 இரண்டையும் சேர்த்து 116ஆம் தனிமத்தின் அணுக்கருவை ஆக்க ஏறத்தாழ 170 மெ.எ.வோ. செலவாகிறது. ஆகவே இதிலிருந்து மின்சாரம் வராது.

அப்படியானால் எதற்காக இந்த முயற்சி?

எனக்குத் தெரிந்து இரண்டு காரணங்கள். ஒன்று, தனிம அட்டவணையின் முடிவு எங்கே என்ற கேள்வி. 106க்கு மேற்பட்ட தனிமங்கள் எல்லாமே இப்படி மோதவைத்து உண்டாக்கப்பட்டவை. இன்னொன்று எனக்கு அதைவிட நெருக்கமானது. உள்ளே நூற்றுக்கணக்கான துகள்கள் அசைந்துகொண்டிருக்கும் ஒரு பொருள், குவாண்டம் விதிப்படி ஒரு தடையை ஊடுருவிப் போவது எப்படி? இந்தக் கேள்வியை இவ்வளவு துல்லியமாகச் சோதித்துப் பார்க்க இயற்கை கொடுத்திருக்கும் இடங்கள் மிகக் குறைவு.

தடை என்கிறீர்களே, அதன் உயரத்தை நாமே கணக்கிடலாமா?

தடை என்பது, நேர்மின்னூட்டம் கொண்ட இரண்டு அணுக்கருக்களும் ஒன்றையொன்று விலக்குவதால் எழும் ஆற்றல் மேடு. அதைக் கையாலேயே கணக்கிடலாம். ஆக்சிஜன்-16ஐ ஈயம்-208 மீது செலுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். புரோட்டான் எண்கள் 8, 82, பெருக்கினால் 656. நேர்மின் விலக்கத்தின் ஆற்றல் என்பது இந்தப் பெருக்குத்தொகையை 1.44ஆல் பெருக்கி, மையங்களுக்கு இடையிலான தொலைவால் வகுத்தால் வருவது. அணுக்கருவின் ஆரம், நிறை எண்ணின் கனமூலத்தை 1.2ஆல் பெருக்கினால் கிடைக்கும். இரண்டு ஆரங்களையும் கூட்டினால் சுமார் 10.1 ஃபெம்டோமீட்டர். தொட்டுக்கொண்டிருக்கும் நிலையில் விலக்க ஆற்றல் 93 மெ.எ.வோ.க்குச் சற்று மேல் வருகிறது.

ஆனால் சோதனையில் காணும் தடை சுமார் 75 மெ.எ.வோ.தான். இந்த வித்தியாசத்தில்தான் பாடம் இருக்கிறது. அணுக்கருவுக்குக் கூர்மையான விளிம்பு கிடையாது. அதன் பரப்பு மெல்ல மெல்லத் தேய்ந்து முடிகிறது. அந்தத் தேய்ந்த விளிம்புகள் ஒன்றையொன்று எட்டும்போதே அணுக்கரு விசையின் ஈர்ப்பு தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 12 ஃபெம்டோமீட்டரிலேயே ஈர்ப்பும் விலக்கமும் சமன்பட்டு உச்சி உருவாகிவிடுகிறது. அங்கே விலக்க ஆற்றல் 79 அளவில் இருக்கும். ஈர்ப்பு அதில் சில மெ.எ.வோ.வைக் கழித்துவிடும்.

அந்த ஈர்ப்பை எந்தச் சூத்திரத்தால் எழுதுகிறார்கள்?

பெரும்பாலும் 1954இல் வுட்ஸ், சாக்சன் இருவரும் முன்வைத்த வடிவத்தால்: ஆழம், ஆரம், விளிம்பின் மென்மை என்று மூன்று எண்கள் போதும். 1977இல் பிளாக்கி, ராண்ட்ரப், ஸ்வியாடெக்கி, சாங் ஆகியோர் தந்த அண்மை விசை முறை, வளைந்த இரண்டு பரப்புகளுக்கு இடையிலான ஈர்ப்பைப் பரப்பிழுவிசையிலிருந்தே வருவிக்கிறது. இரண்டு அணுக்கருக்களின் அடர்த்தியையும் எடுத்து, ஒவ்வொரு சிறு பகுதிக்கும் இடையிலுள்ள விசையைக் கூட்டுகிற முறையும் உண்டு. உச்சியின் வெளிப்பக்கத்தில் இவை எல்லாம் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. உட்பக்கம் போகப்போகத்தான் பிரிகின்றன.

தடையைவிடக் குறைந்த ஆற்றலில் எப்படி இணைய முடிகிறது?

குவாண்டம் ஊடுருவலால். 1928இல் காமோவ், ஆல்ஃபா துகள் அணுக்கருவுக்குள்ளிருந்து வெளியேறுவதை இதைக்கொண்டு விளக்கினார். இணைவு அதே பாதையில் வெளியிலிருந்து உள்ளே வருவது. உச்சியைத் தலைகீழ்ப் பரவளையமாக எடுத்துக்கொண்டால் ஊடுருவும் நிகழ்தகவுக்கு எளிய சூத்திரம் கிடைக்கிறது. அது ஹில், வீலர் இருவருடையது, 1953ஆம் ஆண்டு. அதை எல்லாக் கோண உந்தங்களுக்கும் கூட்டி 1973இல் வோங் தந்த சூத்திரத்தை இன்றும் முதல் மதிப்பீட்டுக்கு எல்லாரும் பயன்படுத்துகிறார்கள்.

உச்சியில் சரிபாதி நிகழ்தகவு. தடையின் வளைவு (உச்சி எவ்வளவு கூர்மை என்பதை ஆற்றல் அலகில் சொல்வது) வழக்கமான அளவில், அதாவது 4 மெ.எ.வோ. என்று இருந்தால், கீழே இறங்கும் ஒவ்வொரு மெ.எ.வோ.வுக்கும் நிகழ்தகவு ஏறக்குறைய ஐந்து மடங்கு சரியும். ஐந்து மெ.எ.வோ. இறங்கினால் சில ஆயிரத்தில் ஒன்றாகிவிடும்.

இந்தக் கணக்கு சோதனையோடு பொருந்துகிறதா?

லேசான அணுக்கருக்களுக்கு ஓரளவு பொருந்துகிறது. கனமானவற்றுக்குப் பொருந்தவில்லை. கணித்ததைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேலாக இணைவு நடந்தது. 1978இல் ஸ்டாக்ஸ்டாட் குழு ஆக்சிஜன்-16ஐ வெவ்வேறு சமேரியம் ஐசோடோப்புகள் மீது செலுத்தியது. சமேரியம்-148 ஏறக்குறைய உருண்டை. சமேரியம்-154 நீள்முட்டை வடிவம். புரோட்டான் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. ஆனாலும் தடைக்குக் கீழே முட்டை வடிவத்தில் இணைவு மிகத் தெளிவாகக் கூடுதலாக இருந்தது.

முட்டையின் முனையில் மோதினால், உருண்டையைவிட ஒரு ஃபெம்டோமீட்டருக்கும் மேல் முன்னதாகவே ஈர்ப்பு பிடித்துக்கொள்கிறது, தடை தாழ்கிறது. இடுப்பில் மோதினால் தடை உயர்கிறது. மோதல் முடியும் நேரத்துக்குள் சமேரியம் திரும்பிக்கொள்ள அவகாசமே இல்லை: அதன் முதல் சுழற்சி நிலை வெறும் 0.082 மெ.எ.வோ. உயரத்தில் இருக்கிறது, அவ்வளவு மெதுவான சுழற்சி. ஆக, வருகிற ஆக்சிஜன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் நிற்கும் சமேரியத்தைச் சந்திக்கிறது. ஊடுருவல் அடுக்குக்குறியாகச் சரிவதால், தடை தாழ்ந்த கோணங்களில் கிடைக்கும் லாபம் உயர்ந்த கோணங்களின் நஷ்டத்தை விழுங்கிவிடுகிறது.

எல்லா அணுக்கருவும் முட்டை வடிவம் இல்லையே?

இல்லை. ஆனால் உருண்டையானவையும் அதிர்கின்றன. சில இணைகளில் நியூட்ரான்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றன. 1980ஆம் ஆண்டையொட்டி பெக்கர்மன் குழு அளந்த நிக்கல் மோதல்களில், நிக்கல்-58, நிக்கல்-64 சேர்ந்த இணை தடைக்குக் கீழே தனித்து மிகுந்து நின்றது. ஆற்றல் லாபத்தோடு நியூட்ரான்கள் கைமாறக்கூடிய இணை அது.

இவற்றையெல்லாம் ஒரே சட்டகத்தில் கொண்டுவருவதுதான் பிணைந்த வழிகள் முறை. நெருங்கிவரும் அணுக்கருக்கள் தரைநிலையிலேயே, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையிலேயே இருக்கலாம், அதிரத் தொடங்கலாம், சுழலத் தொடங்கலாம். ஒவ்வொன்றும் ஒரு வழி. வழிகள் ஒன்றோடொன்று கலந்துகொண்டே தடையை அணுகுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷ்ரோடிங்கர் சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். கடைசியில் பார்த்தால் ஒற்றைத் தடை பல தடைகளாகப் பிரிந்திருக்கும்.

பல தடைகள் என்பது வெறும் கணித வசதியா, கண்ணால் பார்க்க முடியுமா?

பார்க்க முடியும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். 1991இல் ரௌலி, சாட்ச்லர், ஸ்டெல்சன் மூவரும் ஒரு வழி சொன்னார்கள். அளந்த வினைக் குறுக்குவெட்டை, அதாவது இணைவு நடக்கும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் எண்ணை, ஆற்றலால் பெருக்கு. அதை ஆற்றலைப் பொறுத்து இருமுறை வகையிடு. வருவதுதான் தடைகளின் பரவல். ஒரே தடை இருந்தால் ஒரே மேடு. பல தடைகள் இருந்தால் பல மேடுகள், அல்லது அகன்று சாய்ந்த மேடு.

சொல்வது எளிது. இருமுறை வகையிட்டால் அளவீட்டுப் பிழையும் ஊதிப் பெருகும். அளவீடு ஒரு சதவீதத் துல்லியத்தில் இருந்தால்தான் மேடு தெரியும். கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் லீ குழு 1990களில் அந்தத் துல்லியத்தை எட்டியது. ஆக்சிஜன்-16, சமேரியம்-154 மோதலின் பரவல், முட்டை வடிவம் சொல்லும் அதே சாய்ந்த உருவில் வந்தது. மோதலின் எண்ணிக்கையை வைத்தே அணுக்கருவின் வடிவத்தைப் படித்துவிடலாம் என்றானது.

இன்னும் கீழே, மிகக் குறைந்த ஆற்றலில்?

அங்கே கதை திரும்புகிறது. 2002இல் ஆர்கான் ஆய்வகத்தில் ஜியாங் குழு நிக்கல்-60, யிட்ரியம்-89 இணையை மிக ஆழமான ஆற்றல்வரை அளந்தது. பிணைந்த வழிகள் கணக்கைவிடவும் வேகமாக இணைவு சரிந்தது. மிசிகு, எஸ்பென்சன் இருவரும் அணுக்கருப் பொருள் எளிதில் அமுங்காது என்பதைச் சேர்த்து, உட்பக்கப் பள்ளத்தை ஆழமற்றதாக்கி விளக்கினார்கள். இச்சிகாவா, ஹாகினோ, இவாமோட்டோ மூவரும், தொட்ட பிறகு அணுக்கருக்கள் தனித்தனியே அதிர்வது தணிந்துவிடுகிறது என்று விளக்கினார்கள். இரண்டும் தரவோடு பொருந்துகின்றன. பொருந்துவதால் மட்டும் ஒரு விளக்கம் சரியாகிவிடாது. எது நடக்கிறது என்ற விவாதம் முடியவில்லை. விண்மீன்களில் கார்பனும் கார்பனும் இணையும் வேகத்தை, ஆய்வகத்தில் அளக்க முடியாத ஆற்றலுக்கு நீட்டித்துச் சொல்ல வேண்டியிருப்பதால் இது அந்த மோதலுக்கும் முக்கியமாகிறது.

தடையைத் தாண்டிவிட்டால் இணைந்தாகிவிட்டது என்றுதானே பொருள்?

ஆக்சிஜனும் சமேரியமும் என்றால் ஆம். கால்சியமும் கியூரியமும் என்றால் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

மிகக் கனமான இணைகளில் இணைவு ஒரு நிகழ்வே அல்ல, அடுத்தடுத்து மூன்று. முதலில் பிடிபட வேண்டும்: தடையைத் தாண்டித் தொட வேண்டும். பிறகு உருக்குலைந்து, தன் பிறப்பை மறந்த ஒரே உருண்டையாக வேண்டும். 1936இல் போர் விவரித்த கூட்டு அணுக்கரு இதுதான். அதன்பின், சூடாக இருக்கும் அந்த உருண்டை பிளந்துபோகாமல் நியூட்ரான்களை உதிர்த்துக் குளிர வேண்டும். மூன்றின் நிகழ்தகவுகளையும் பெருக்கினால்தான் புதிய தனிமம் கிடைக்கும் அளவு வரும்.

நடுவிலுள்ள கட்டத்தில்தான் பெரும்பாலானவை தோற்கின்றன. தொட்டுக்கொண்ட இரண்டும் கொஞ்ச நேரம் ஒட்டிச் சுழன்று, சில பல நியூக்ளியான்களை (புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப்பெயர்) கைமாற்றிவிட்டு மறுபடியும் பிரிந்துவிடுகின்றன. பார்ப்பதற்குப் பிளவுபோல் இருக்கும், ஆனால் கூட்டு அணுக்கரு ஒருபோதும் உருவாகியிருக்காது. குவாசி பிளவு என்பது இதுதான். புரோட்டான் எண்களின் பெருக்குத்தொகை 1600ஐ நெருங்கும்போது இது மேலோங்கத் தொடங்குகிறது. கால்சியம், கியூரியம் இணைக்கு அது 1920.

காரணம் வடிவத்தில் இருக்கிறது. லேசான இணைகளில், தொடும் நிலை பிளவுக்கான உச்சிக்கு உட்பக்கம் இருக்கிறது. தொட்டால் உருண்டையை நோக்கி வழுக்கி இறங்கும். கனமான இணைகளில் உச்சி உருண்டைக்கு மிக அருகே ஒடுங்கிவிடுகிறது. தொடும் நிலை அதற்கு வெளியே, வெளிப்புறச் சரிவில் அமைந்துவிடுகிறது. அங்கிருந்து இன்னொரு மேட்டை ஏற வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஸ்வியாடெக்கி, இதற்குத் தடைக்கு மேலும் கூடுதல் உந்தல் வேண்டும் என்று சொன்னது இதனால்தான்.

குவாசி பிளவையும் உண்மையான பிளவையும் சோதனையில் பிரித்தறிய முடியுமா?

ஓரளவுக்கு. ஒட்டிக்கொண்ட இணை சுழல்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு முன்பே பிரிந்தால், கனமான துண்டு எந்தத் திசையில் போனது என்பதில் பழைய நினைவு இருக்கும். நிறையையும் கோணத்தையும் சேர்த்து வரைந்தால் அது சாய்ந்த பட்டையாகத் தெரியும். பல சுற்றுகள் கழித்துப் பிரிந்தால் அந்த நினைவு அழிந்துவிடும். சுழற்சியே கடிகாரமாகிவிடுகிறது. நொடியை ஒன்றுக்குப் பின் இருபது, இருபத்தொரு சுழியங்கள் கொண்ட எண்ணால் வகுத்தால் வரும் காலத்தை அளக்கும் கடிகாரம் அது. மெதுவான குவாசி பிளவு இந்தச் சல்லடையிலும் தப்பிவிடும்.

நடுக்கட்டத்தைக் கோட்பாட்டாளர்கள் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இங்கே மூன்று பள்ளிகள் உண்டு என்று சொல்லலாம். வோல்கோவ் தொடங்கி அடமியன், அன்டோனென்கோ வளர்த்த இரட்டை அணுக்கரு மாதிரியில், தொட்ட இரண்டும் தம் அடையாளத்தை விடாமல் நிற்கின்றன. சிறியதிலிருந்து பெரியதுக்கு நியூக்ளியான்கள் ஒவ்வொன்றாகப் போய், சிறியது கரைந்தால் இணைவு. ஸ்வியாடெக்கியும் போலந்து ஆய்வாளர்களான வில்சின்ஸ்கி, சிவெக்-வில்சின்ஸ்கா ஆகியோரும் தந்த மாதிரியில், தொட்ட இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய கழுத்து சட்டென்று நிரம்பி, பிறகு அந்த உருவம் வெப்ப அலைச்சலால் மேட்டின் மேல் தற்செயலாக ஏற வேண்டும். நீரில் மிதக்கும் மகரந்தத் துணுக்கு அங்குமிங்கும் தள்ளப்படும் அதே பிரவுனியன் இயக்கம். ஜாக்ரெபயேவ், கிரைனர் போன்றோர் பயன்படுத்திய லாஞ்செவன் சமன்பாடுகளில் வடிவத்தைப் பல அளவுகளால் குறித்து, உராய்வையும் தற்செயல் உதைகளையும் சேர்த்து, லட்சக்கணக்கான தடங்களைக் கணினியில் ஓடவிட்டு எத்தனை உள்ளே போகின்றன என்று எண்ணுகிறார்கள்.

மனதை உறுத்தும் உண்மை ஒன்று. இந்த மாதிரிகள் கடைசி விடையில் சோதனையோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன. நடுக்கட்ட நிகழ்தகவை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பத்து மடங்கு, சில இணைகளில் நூறு மடங்குக்கும் மேல் வேறுபடுகின்றன. ஒரு மாதிரி நடுவில் குறைத்ததை மூன்றாம் கட்டத்தில் கூட்டிவிடுகிறது. பெருக்குத்தொகை சரியாக வருவது, பெருக்கிய எண்கள் சரி என்பதற்குச் சான்றாகாது. புதிய தனிமத்துக்கான கணிப்பு ஒன்றைப் படிக்கும்போது, அது நடுக்கட்டத்தைத் தனியே எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தது என்று கேளுங்கள்.

மூன்றாம் கட்டம், பிழைப்பது, அவ்வளவு நிச்சயமில்லாததா?

ஒவ்வொரு நியூட்ரான் உதிரும்போதும் பிளவோடு போட்டி. மிகக் கனமான அணுக்கருவில், அதை ஒரு திரவத்துளியாகப் பாவிக்கும் கணக்குப்படி பிளவுத்தடை ஏறக்குறைய இல்லவே இல்லை. நியூக்ளியான்கள் அடுக்கடுக்காக நிரம்பும் கூடுகளின் அமைப்பு தரும் சில மெ.எ.வோ.தான் அதைக் காப்பாற்றுகிறது. 1967இல் ஸ்ட்ருடின்ஸ்கி காட்டிய வழியில் அதைக் கணக்கிடுகிறார்கள். வெவ்வேறு கணக்குகள் ஒன்றிரண்டு மெ.எ.வோ. மாறுபடும். 35 மெ.எ.வோ. கிளர்ச்சியில் (தரைநிலைக்கு மேலுள்ள கூடுதல் ஆற்றல்) வெப்பநிலை சுமார் 1 மெ.எ.வோ. எனவே தடையில் ஒரு மெ.எ.வோ. தவறினால் ஒவ்வொரு படியிலும் சுமார் 2.7 மடங்கு பிழை. நான்கு நியூட்ரான்கள் என்றால் ஐம்பது மடங்கைத் தாண்டும்.

ஏன் எப்போதும் கால்சியம்-48?

20 புரோட்டான், 28 நியூட்ரான்: இரண்டும் மாய எண்கள், அதாவது கூடுகள் முழுதாக நிரம்பும் எண்ணிக்கைகள். இறுகக் கட்டுண்டது என்பதால் கூட்டு அணுக்கரு அதிகம் சூடாவதில்லை. நியூட்ரான் மிகுந்தது என்பதால் விளைவது நிலையானவற்றை நோக்கி நகர்கிறது. இயற்கைக் கால்சியத்தில் இது ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. ரஷ்யாவின் டுப்னாவில் 114 முதல் 118 வரை இதைக்கொண்டே உண்டாக்கினார்கள்.

ஆனால் 119க்கு இது உதவாது. அதற்கு ஐன்ஸ்டைனியம் இலக்கு வேண்டும். தேவையான அளவு கிடைப்பதில்லை. எனவே டைட்டானியம், வனேடியம், குரோமியம் பக்கம் போக வேண்டும். இணைவு எவ்வளவு குறையும் என்பதில்தான் மாதிரிகள் முரண்பட்டன. 2024இல் பெர்க்லி ஆய்வகம் டைட்டானியம்-50ஐப் புளூட்டோனியம்-244 மீது செலுத்தி, 22 நாள் கற்றையில் 116ஆம் தனிமமான லிவர்மோரியத்தின் இரண்டு அணுக்களைக் கண்டது. ஜப்பானின் ரிக்கென் வனேடியம்-51ஐக் கியூரியம்-248 மீது செலுத்தி 119ஐத் தேடுகிறது.

இரண்டு அணு, மூன்று அணு என்கிறீர்களே, அவ்வளவு அரிதா?

கணக்கிட்டுப் பாருங்கள். நொடிக்கு ஆறு லட்சம் கோடி அயனிகள், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை மில்லிகிராம் கியூரியம், குறுக்குவெட்டு ஒரு பைக்கோபார்ன் (பார்ன் என்பது அணுக்கரு அளவுக்கான பரப்பு அலகு, அதில் லட்சம் கோடியில் ஒரு பங்கு பைக்கோபார்ன்). ஒன்றரை நாளுக்கு ஓர் அணு உருவாகும். அதிலும் எல்லாம் கருவியில் சிக்காது. 113ஆம் தனிமமான நிஹோனியத்துக்கு ரிக்கென் கண்ட குறுக்குவெட்டு சுமார் 22 ஃபெம்டோபார்ன், அதாவது ஒரு பைக்கோபார்னில் ஐம்பதில் ஒரு பங்குக்குச் சற்று மேல். துத்தநாகம்-70ஐ பிஸ்மத்-209 மீது செலுத்தி 2004, 2005, 2012 என்று ஒவ்வொன்றாக மூன்று அணுக்கள். கோட்பாடு சரியான ஆற்றலைச் சொல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கான உழைப்பு வெறுங்கையோடு முடிந்துவிடும். இரண்டு மெ.எ.வோ. தள்ளிப் போனாலே விளைச்சல் பாதிக்கும் கீழே போகலாம்.

'குளிர் இணைவு' என்று கட்டுரைகளில் வருகிறதே?

1989இல் மேசைமேல் ஆற்றல் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டு நிரூபணமாகாமல் போனதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஈயம், பிஸ்மத் இலக்குகளில் கூட்டு அணுக்கரு 10 முதல் 20 மெ.எ.வோ. கிளர்ச்சியில் உருவாகி ஒரே நியூட்ரானை உதிர்ப்பதை இந்தத் துறையில் அப்படி அழைப்பார்கள். டார்ம்ஸ்டாட் ஆய்வகம் 1981 முதல் 1996 வரை 107 முதல் 112 வரையான தனிமங்களை இப்படித்தான் உண்டாக்கியது.

இட்டுக்கட்டிய எண்கள் இல்லாமல், அடிப்படையிலிருந்தே கணக்கிட முடியாதா?

அதற்கு மிக அருகில் வருவது காலம் சார்ந்த ஹார்ட்ரி-ஃபாக் முறை. 1930இல் டிராக் எழுதிய சமன்பாடு; 1970களில் போன்ஷ், கூனின், நெகெலெ ஆகியோர் அணுக்கரு மோதல்களுக்குக் கணினியில் ஓடவிட்டார்கள். ஒவ்வொரு நியூக்ளியானும் மற்ற எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் சராசரிப் புலத்தில் நகரும். உள்ளீடு, நியூக்ளியான்களுக்கு இடையிலான விசையை எளிதாக எழுதும் ஸ்கைர்ம் விசை மட்டும், அதுவும் அசையாத அணுக்கருக்களின் பண்புகளுக்குப் பொருத்தப்பட்டது. மோதலைப் பற்றி எதுவும் சொல்லித்தராமலேயே தடையும், கழுத்தும், குவாசி பிளவும் தாமாக வெளிப்படுகின்றன. முதன்முறை அந்த அடர்த்திப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்வதைப் பார்ப்பவர் யாரும் மறக்கமாட்டார்.

குறை: ஒரு மோதலுக்கு ஒரே முடிவு. ஒன்று இணையும், இல்லாவிட்டால் இணையாது. முழு அணுக்கருவும் தடையை ஊடுருவுவது இதில் வராது. உமர், ஓபராக்கர் இருவரும் இந்தத் தடத்திலிருந்தே தடையின் வடிவத்தைப் பிரித்தெடுத்து, ஊடுருவலைத் தனியே கணக்கிடும் வழி கண்டார்கள்.

நானே முயன்று பார்க்க எங்கே தொடங்கலாம்?

ஹாகினோ, ரௌலி, குருப்பா 1999இல் வெளியிட்ட சிசிஃபுல் என்ற நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதற்கு முன் உங்கள் கையால் ஒன்று எழுதுங்கள். விலக்கமும் வுட்ஸ்-சாக்சன் ஈர்ப்பும் சேர்ந்த வளைகோட்டை வரைந்து, உச்சியின் உயரத்தையும் வளைவையும் எடுத்து, வோங் சூத்திரத்தில் போடுங்கள். ஆக்சிஜன், சமேரியம்-154 தரவின் மேல் வையுங்கள். மேலே பொருந்தும், கீழே உங்கள் கோடு தரவுக்கு வெகு கீழே போகும். இப்போது சமேரியத்தின் ஆரத்தைக் கோணத்தோடு மாறவிட்டு, ஒவ்வொரு கோணத்துக்கும் தடையைத் திரும்பக் கணக்கிட்டு, கோணத்தின் சைன் எடையோடு சராசரி எடுங்கள். ஐம்பது வரி நிரல்தான். கோடு எழும்பித் தரவின் மேல் போய் உட்காரும்.